பூல் மேசையின் கல்லைக் கழுவலாமா?

கேள்வி: களியக்காவிளையில் சிறிய விளையாட்டுக் கூடம் நடத்துகிறேன். பில்லியர்ட்ஸ் போலக் கோலால் பந்தாடும் எட்டடிப் பூல் மேசை ஒன்றைப் பழையதாக வாங்கி, அதன் துணியை உரித்துவிட்டேன். துணிக்கு அடியில் மூன்று துண்டாக இருக்கும் கல் முழுக்க நீலத் தூள், ஓரங்களில் காய்ந்த பசை, இணைப்புகளில் மெழுகு. சோப்புத் தண்ணீரில் கழுவி உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் போதும் என்கிறார் பெயின்டர். செய்யலாமா?

பதில்: இரண்டும் வேண்டாம். பெயின்டர் சுவரை மனத்தில் வைத்துக்கொண்டு சொல்லியிருக்கிறார்.

பள்ளிக்கூடத்தில் கோவையிலை வைத்துத் துடைத்தோமே, அந்தச் சிலேட்டின் இனத்துக் கல்தான் இதுவும். தண்ணீர் பட்டால் அதற்கு ஒன்றும் ஆகாது. ஆகப்போவது அடியில் இருக்கும் மரத்துக்கு. இணைப்பு, திருகாணித் துளை, பாக்கெட் வாய் என்று எல்லா வழியாகவும் தண்ணீர் கீழே இறங்கும். ஆனி ஆடியிலும் மழை, ஐப்பசி கார்த்திகையிலும் மழை என்றிருக்கும் உங்கள் ஊரில் ஊறிய மரம் எப்போது காய்வது? ஒரு மன்றத்தில் காவலாளி நல்ல எண்ணத்தோடு கல்லைத் தரை துடைப்பதுபோல் ஈரத்துணியால் துடைத்துவிட்டார். மறுநாளே துணி போட்டார்கள். சில நாளில், மெதுவாக உருட்டிய பந்தெல்லாம் ஒரே மூலைக்கு ஒதுங்க ஆரம்பித்தது. பிரித்துப் பார்த்தபோது மரம் ஒரு பக்கம் உப்பியிருந்தது.

முதலில் மரத்தில் மிச்சமிருக்கும் ஸ்டேப்ளர் பின்களைக் குறடால் பிடுங்குங்கள். முறிந்த அரைப் பின்னையும் விடாதீர்கள். புதுப் பின் அதன்மேல் மோதி வளையும்.

அடுத்தது தூள். துடைப்பம் எடுக்காதீர்கள், கூடம் முழுக்கப் பறக்கும். முகக்கவசம் அணிந்து வேக்குவம் கிளீனரால் இழுங்கள். ஆடுகோலின் நுனியில் தேய்க்கும் இந்த நீலப் பொருளுக்குப் பெயர்தான் சாக், கரும்பலகைச் சுண்ணத்துக்கும் இதற்கும் உறவில்லை. 1897இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற கலவையிலேயே சிலிக்காவும் குருந்தம் என்னும் கடினக் கனிமமும் இருந்தன. பல உப்புத்தாள்களில் ஒட்டும் சரக்கும் குருந்த வகைதான். அதைக் கல்மேல் விட்டுவிட்டுத் துணி போட்டால், மேலே பந்து உருள உருளத் துணி அடியிலிருந்து அரைபடும்.

பசைக்குப் பட்டி பூசும் தகடு போதும். தகட்டின் இரண்டு முனைகளையும் அரத்தால் மழுக்கிக்கொண்டு, கல்லோடு படுக்க வைத்துத் தள்ளுங்கள். விடாப்பிடியான இடத்தில் மட்டும், தின்னரில் லேசாக நனைத்த துணியை ஒரு நிமிடம் அழுத்திவிட்டுச் சுரண்டலாம். இணைப்புப் பக்கம் தின்னர் போகக் கூடாது. சன்னல்கள் திறந்திருக்கட்டும்; பீடி, அடுப்பு எதுவும் அருகில் ஆகாது. வாடை முழுக்கப் போன பிறகே புதுப் பசை.

மேற்பரப்பில் உப்புத்தாளை வைக்கவே வேண்டாம். ஆலையில் எந்திரம் வைத்துச் சமன்செய்த பரப்பு அது. கையால் தேய்த்தால் தேய்த்த இடம் பள்ளமாகும். கறை இருந்தால் இருக்கட்டும், பந்துக்குக் கண் இல்லை.

இனி இணைப்பு. அவசரம் கூடாத இடம் இது. மெழுகு வெடித்தோ தூக்கியோ இருந்தால் சுரண்டி எடுத்துவிட்டு, முதலில் ரசமட்டம் வைத்துப் பாருங்கள். பிறகு சீட்டுக்கட்டிலிருந்து ஒரு சீட்டை எடுத்துக் கல்மேல் படுக்க வைத்து இணைப்பின் குறுக்கே இரு திசையிலும் தள்ளுங்கள். எந்தப் பக்கம் போகும்போது விளிம்பு தட்டுகிறதோ, அந்தப் பக்கத்துக் கல் உயர்ந்திருக்கிறது. தாழ்ந்த கல்லின் திருகாணியைத் தளர்த்தி, அடியில் சீட்டுத் துண்டு சொருகிச் சமன்செய்யுங்கள். இதை விட்டுவிட்டு மெழுகால் மேடுபள்ளத்தை மறைப்பவர்கள் உண்டு. அந்த வேலை நிற்காது.

மெழுகுவர்த்தி மெழுகு உதிரும், தேன்மெழுகே வாங்குங்கள். மார்த்தாண்டம் பக்கத்தில் இருக்கும்போது அதற்கா பஞ்சம்! 62–64 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். இணைப்பை ஹேர் டிரையரால் லேசாகச் சூடாக்கி, உருகியதைச் சற்று மேடாகவே ஊற்றுங்கள், ஆறினால் சுருங்கும். கருப்பட்டிப் பாகு இறுகுவதுபோல் இறுகி, நகம் வைத்தால் தடம் மட்டும் பதியும் பதம் வந்ததும் தகட்டால் மட்டமாகச் சீவுங்கள். சூட்டோடு சீவினால் குழி விழும். திருகாணித் துளைகளுக்கும் இதே வேலைதான். விளிம்பில் சிந்திய மெழுகைச் சுத்தமாக எடுத்துவிடுங்கள், அதன்மேல் பசை ஒட்டாது. கூரை ஆஸ்பெஸ்டாஸ் ஓடாக இருந்து கோடையில் உள்ளே கொதிக்குமென்றால் மெழுகு இளகும். அப்போது கார் பட்டறையில் பூசும் இருகலவைப் பட்டியே மேல், அடுத்த முறை பிரிப்பவர் உங்களைத் திட்டினாலும்.

கடைசியாக, விளக்கை அணைத்துவிட்டு டார்ச்சைக் கல்மேல் படுக்க வைத்து அடியுங்கள். கடுகளவு மணலுக்கும் நீள நிழல் விழும். பிறகு வெறும் உள்ளங்கையால் ஓரம் முதல் ஓரம் வரை தடவுங்கள். கண்ணுக்குத் தப்பியது கைக்குத் தப்பாது. உலர்ந்த பழைய வேட்டித் துணியால் துடைத்துவிட்டுப் புதுத் துணியை விரிக்கலாம். மேசைக்கு நேர்மேலே இருக்கும் மின்விசிறியின் இறக்கைகளை மட்டும் இந்த வேலைகள் எல்லாவற்றுக்கும் முந்தைய நாளே துடைத்துவிடுங்கள், துணி விரிக்கும்போது அது ஓடவும் வேண்டாம்.