வீடியோ அழைப்பில் ஆக்குபேஷனல் தெரபி: பெற்றோர் கேட்டவை

மேடம், குழந்தையைத் தொடாமலேயே என்ன தெரபி செய்ய முடியும்?

உடுத்துவது, உண்பது, எழுதுவது போன்ற அன்றாட வேலைகளைக் குழந்தை தானே செய்யப் பழக்குவதுதான் ஆக்குபேஷனல் தெரபி. நேரில் வந்தாலும் வாரத்தில் ஒன்றிரண்டு மணி நேரம்தான் என் கை. மீதி நாளெல்லாம் உங்கள் கைதானே? வீடியோவில் அந்தக் கையைப் பழக்குகிறோம். கிளினிக்கில் பெரிய பொத்தான் வைத்த பலகையில் அழகாக மாட்டுகிற பையன், வீட்டில் தன் பள்ளிச் சட்டையோடு மல்லுக்கட்டுவான். வீடியோவில் அந்தச் சட்டையையே எடுத்துக்கொள்ளலாம். பொத்தானைத் துளைக்குள் பாதி நுழைத்துக் கொடுங்கள். அவன் இழுத்து முடிக்கட்டும். அது கைவந்ததும் நுழைப்பதையும் அவனிடம் விடுங்கள். கடைசிப் படியிலிருந்து பின்னோக்கிப் பழக்குவது எங்கள் துறையில் பழைய உத்தி. ஒவ்வொரு முறையும் வேலையை முடித்தவன் அவனாகவே இருப்பான், அதனால் சலிக்காது.

என் மகளுக்கு மூன்று வயது. திரை முன்னால் ஐந்து நிமிடம் உட்கார மாட்டாள்.

உட்கார வேண்டாம். நான் அவளைப் பார்த்தால் போதும், அவள் என்னைப் பார்க்கத் தேவையில்லை. போனை ஓரமாகச் சாய்த்துவிட்டுத் தலையணைகளைத் தரையில் அடுக்குங்கள், ஏறிக் குதிக்கட்டும். பல் தேய்க்கும்போது அழுது புரள்கிறாள் என்றால் அதை இரண்டு நிமிடம் படம்பிடித்து அனுப்புங்கள். கிளினிக்கில் அந்தக் காட்சி எனக்குக் கிடைக்கவே கிடைக்காது. சில நாள் அவள் தூங்கும்போது நாம் மட்டும் பேசினாலே போதும்.

அப்போ இந்த அழைப்பு ஸ்கிரீன் டைமில் சேராதா?

2 முதல் 4 வயது வரை, உட்கார்ந்தபடி திரை பார்ப்பது நாளுக்கு ஒரு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2019-இல் சொன்னது. தலையணை மேல் குதிப்பது அந்தக் கணக்கில் வராது.

ஏழு வயது மகன், கையெழுத்து கோழி கிளறியதுபோல் இருக்கிறது. கேமராவை எங்கே வைப்பது?

முகத்துக்கு நேரே வைத்தால் எனக்கு உச்சந்தலைதான் தெரியும். வலது கையால் எழுதுகிறானா? இடப்பக்கம், மேசைக்குச் சற்று மேலே வையுங்கள், கட்டைவிரல் தெரியும். அப்புறம் ஒருமுறை தள்ளி வைத்து முழு உடம்பையும் காட்டுங்கள். கால் அந்தரத்தில் தொங்கினால் முதுகு வளையும், கை தளரும். ஒரு முக்காலி போட்டுப் பாதத்தை ஊன்ற வைத்த பிறகே பென்சிலைப் பற்றிப் பேசுவேன். மூன்று விரலில்தான் பிடிக்க வேண்டும் என்று அடம்பிடிக்காதீர்கள். நான்கு விரலில் பிடித்து நன்றாக எழுதுபவர்கள் நிறையப் பேர்.

எல்லாக் குழந்தைக்கும் இது ஒத்துவருமா?

வராது. விழுங்கச் சிரமப்பட்டு அடிக்கடி புரையேறும் குழந்தையை நேரில்தான் பார்க்க வேண்டும். தசை இறுக்கம், ஸ்பிளிண்டுக்கு (கை காலைச் சரியான நிலையில் தாங்கிப் பிடிக்கும் பட்டைக்கு) அளவெடுப்பது எல்லாம் அப்படித்தான். முதல் மதிப்பீடு நேரில், தொடர்ச்சி வீடியோவில் என்றால் எனக்குத் திருப்தி.

என் மகன் தானே சாப்பிடப் பழகட்டும் என்கிறீர்கள். மாமியார் ஊட்டிவிட்டுவிடுகிறாரே?

அடுத்த அழைப்பில் அவரையும் உட்கார வையுங்கள். கரண்டியை எப்படிக் கொடுப்பது என்று அவருக்கே சொல்லித் தருகிறேன். நீங்கள் சொன்னால் சண்டை, நான் சொன்னால் தெரபி!