இடுப்பு வலின்னு கேட்டீங்க, நான் யூரின்ல இருந்து ஆரம்பிக்கறேன்

கேள்வி: டாக்டர் வணக்கம். எனக்கு 41 வயசு, கொருக்குப்பேட்டை. பதினாலு வருஷமா கான்ட்ராக்ட்ல ரயில்வே டிராக் வேலை, கூடூர், அரக்கோணம், ஜோலார்பேட்டைன்னு மாசத்துல இருபது நாள் வெளியூர் தான். ஆறு மாசமா இடுப்பு வலி, எடது கால் வரைக்கும் இழுக்குது. மெடிக்கல்ல செட் மாத்திரை வாங்கி காலைல ஒன்னு நைட்டு ஒன்னு போட்டா தான் வேலை ஓடுது. ரெண்டு வாரமா சைட்ல யூரின் கொஞ்சமா தான் போகுது, சில நாள் டீ கலர்ல போகுது. பன்னெண்டு பேருக்கு ஒரு கேன் தண்ணி, பத்து மணிக்கே காலி. பெல்ட் போடலாமா, இல்ல வேலையவே விட்டுடணுமா?

பதில்: பெல்ட்டுக்கு அப்புறம் வரேன். கேள்வியில கடைசியா போற போக்குல சொன்னீங்களே டீ கலர்னு, எனக்கு திக்குனு ஆனது அங்க தான். நாளைக்கு காலைலயே ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்கு போங்க, அடுத்த சைட் முடிச்சிட்டு வந்து பாத்துக்கலாம்னு தள்ளிப் போடாதீங்க. யூரின் டெஸ்ட், கிட்னி எப்படி வேலை செய்யுதுன்னு காட்டற கிரியாட்டினின், பொட்டாசியம், தசை ஒடைஞ்சிருக்கான்னு காட்டற சிபிகேன்னு ஒரு ரத்த டெஸ்ட், பிபி இவ்ளோ தான், கவர்மெண்ட் ஆஸ்பத்திரியில காசு ஆகாது, ஈஎஸ்ஐ கார்டு இருந்தா அயனாவரம் ஈஎஸ்ஐ ஆஸ்பத்திரி போனாலும் சரி.

ஏன் இவ்ளோ அவசரம்னா, வலி மாத்திரை, டைக்ளோஃபெனாக் மாதிரி சமாச்சாரம், கிட்னிக்குப் போற ரத்தத்தைக் கொறைக்கும். நல்லா தண்ணி குடிச்சிட்டு வீட்ல இருக்கறவருக்கு ரெண்டு நாள் போட்டா பெருசா ஒன்னும் ஆகாது, ஆனா நீங்க வேர்வையா எல்லாத்தையும் வெளிய விட்டுட்டு ஒடம்புல தண்ணியே இல்லாம நிக்கும்போது அதே மாத்திரை போட்டா கிட்னிக்கு ரெண்டு பக்கத்துல இருந்தும் அடி விழுது. அதோட வெயில்ல அளவுக்கு மீறி ஒழைச்சா தசை ஒடைஞ்சு அந்தக் கழிவும் யூரின்ல எறங்கும், டீ டிகாஷன் கலர் அதனாலயும் வரலாம். வெயில் 40 டிகிரின்னா தண்டவாளம் 60 டிகிரி வரைக்கும் போகும், அது பக்கத்துல குனிஞ்சு நின்னு ஜல்லி தள்றவருக்கு நான் சொல்லியா தெரியணும்.

செட் மாத்திரைன்னு பேப்பர் கவர்ல கட்டித் தர்றதுல என்ன இருக்குன்னு உங்களுக்கும் தெரியாது எனக்கும் தெரியாது, சில செட்ல ஸ்டீராய்டு கலந்திருக்கும், அதான் போட்ட ஒடனே ஒடம்பு லேசான மாதிரி இருக்கும். வாரக்கணக்கா தெனமும் ஸ்டீராய்டு போயிருந்தா சட்டுனு நிறுத்தினாலும் மயக்கம், பிபி எறங்கறதுன்னு தொல்லை வரும். அதனால மிச்சம் இருக்கற கவரை கையோட கொண்டுபோய் டாக்டர்கிட்ட காட்டுங்க, எத்தனை மாசமா போடறீங்கன்னு மறைக்காம சொல்லுங்க, எப்படி நிறுத்தறதுன்னு அவர் சொல்வார். நைட்டு குவாட்டர் போடற பழக்கம் இருந்தா அதையும் சொல்லிடுங்க, திட்ட மாட்டாங்க, திட்டினாலும் பரவால்ல.

தண்ணிக் கணக்கு பாப்போம். ஒரு கேன் 20 லிட்டர், பன்னெண்டு பேருக்குப் பிரிச்சா ஆளுக்கு ஒன்னரை லிட்டர் சொச்சம். கிட்னி நல்லா இருக்கற ஆளுக்கே வெயில் வேலையில இருபது நிமிஷத்துக்கு ஒரு டம்ளர், கால் லிட்டர் வேணும், ஆறு மணி நேரத்துக்கு நாலரை லிட்டர், அப்போ உங்க கேங்குக்கு கொறஞ்சது மூணு கேன். மேஸ்திரிகிட்ட நீங்க ஒருத்தரா கேக்காதீங்க, பன்னெண்டு பேரும் சேந்து கேளுங்க. மோர், நீராகாரம், உப்பு போட்ட கஞ்சி எல்லாம் நல்லது தான், ஆனா உங்களுக்கு மட்டும் ரிப்போர்ட் பாத்துட்டு எவ்ளோ குடிக்கலாம்னு டாக்டர் சொல்ற அளவு தான்.

இப்ப இடுப்பு. கால் வரைக்கும் இழுக்குதுன்னா முதுகெலும்புக்கு நடுவுல இருக்கற டிஸ்க் நரம்பை அழுத்துதுன்னு தோணுது. நெறைய பேருக்கு ஆபரேஷன் இல்லாமலே கொறையும், ஆனா ஆறு மாசம் ஆச்சே, அதனால எலும்பு டாக்டர் பாக்கற ஆர்த்தோ ஓபியிலயும் காட்டுங்க. படுத்தே கெடக்க வேணாம், நடங்க. ராத்திரி பூரா அன்ரிசர்வ்டு பெட்டியில உக்காந்தே தூங்கிட்டு எறங்கின ஒடனே கடப்பாரை புடிக்கிறீங்க பாருங்க, அங்க தான் இடுப்பு போகுது, பத்து நிமிஷம் நடந்துட்டு அப்புறம் குனிங்க. தண்டவாளத்துக்கு அடியில போடற கான்கிரீட் ஸ்லீப்பர் ஒன்னு கால் டன்னுக்கு மேல, ஆள் கொறைவா இருக்குன்னு நாலு பேர் வேலைய மூணு பேர் இழுக்கறதெல்லாம் வேணாம். பெல்ட் வெயிட் தூக்கறப்ப மட்டும் போட்டுக்கோங்க, நாள் பூரா வேணாம். ஒன்னுக்கு ரெண்டுக்கு கட்டுப்பாடு போனாலோ, தொடை இடுக்குல மரத்துப் போனாலோ, பாதம் தூக்க முடியலன்னாலோ அது எமர்ஜென்சி, எந்த ஊர்ல இருந்தாலும் அன்னைக்கே பெரிய ஆஸ்பத்திரி.

வேலைய விடறதா வேணாமான்னு இப்ப முடிவு பண்ணாதீங்க, ஆனா ரிப்போர்ட் வர்ற வரைக்கும் சைட்டுக்குப் போக வேணாம். கிரியாட்டினின் நம்பரும் அந்த கவர்ல இருந்த மாத்திரை பேரும் எழுதி அனுப்புங்க, மிச்சத்தை அப்போ சொல்றேன்.