பின்கால் முட்டி வலிக்கிறது, ஸ்னோபோர்டை விட்டுவிட வேண்டுமா?

கேள்வி: எனக்கு வயது 34. இரண்டு சீசனாக வாடகை ஸ்னோபோர்டில் (பனிச்சறுக்குப் பலகை) பழகினேன். இந்த முறை சொந்தமாக வாங்கி, நண்பருடைய போர்டைப் பார்த்து அதே அளவில் பைண்டிங்கை (பூட்ஸைப் போர்டோடு பூட்டும் பிடி) நானே மாட்டினேன். போர்டில் பக்கவாட்டில் நிற்கும்போது முன்னால் வரும் காலுக்குப் பிளஸ் 15 டிகிரி (போர்டின் முனைப் பக்கம்), பின்காலுக்கு மைனஸ் 15 (வால் பக்கம்). கால்களையும் நன்றாக அகட்டி வைத்திருக்கிறேன். மதியத்துக்குள் பின்கால் முட்டியின் உட்பக்கம் வலிக்கத் தொடங்குகிறது. முன்காலின் பாதம் மரத்துப்போகிறது. விழவில்லை, வீக்கமும் இல்லை. இரண்டு நாள் ஓய்வெடுத்தால் சரியாகிவிடுகிறது. மூட்டு தேய்ந்துவிட்டதா? எம்ஆர்ஐ எடுக்கட்டுமா?

பதில்: முதலில் ஸ்க்ரூடிரைவரை எடுங்கள். ஸ்கேனைப் பிறகு பார்க்கலாம். விழாமல், வீங்காமல், போர்டில் நிற்கும்போது வந்து ஓய்வில் போய்விடும் வலி என்றால் மூட்டுத் தேய்மானத்தைவிட நிற்கும் விதத்தைத்தான் நான் முதலில் சந்தேகிப்பேன். அதிலும் 'நண்பருடைய அளவு' என்று நீங்களே எழுதிவிட்டீர்கள்.

முழங்கால் மடங்கி நீளும் மூட்டு. திருகுவதற்கு அது கொஞ்சம்தான் இடம் கொடுக்கும். நடக்கும்போது பாதம் தனக்கு வசதியாகத் திரும்பிக்கொள்வதால் நமக்கு இது தெரிவதில்லை. பைண்டிங்கில் பாதத்தைப் பூட்டியாகிவிட்டது. உங்கள் பின்பாதம் போர்டின் வால் பக்கம் பார்க்கிறது. நீங்களோ போகிற திசையைப் பார்க்கத் தோளைத் திருப்புகிறீர்கள், கூடவே இடுப்பும் திரும்புகிறது. தொடை ஒரு பக்கம் போக, பாதம் வர மறுக்க, நடுவில் மாட்டிக்கொள்வது முட்டி. அது உள்ளே சரியும்போதெல்லாம் உட்பக்க ஜவ்வு இழுபடும். காலையிலிருந்து நூறு திருப்பம் என்றால் நூறு இழுப்பு.

அப்படியானால் உங்களுக்கு எத்தனை டிகிரி? ஒரு மேசை விளிம்பில் உட்கார்ந்து கால்களைத் தொங்கப் போடுங்கள். முட்டிகள் நேராகப் பார்க்கட்டும். இப்போது பாத விரல்களைக் கவனியுங்கள். பெரும்பாலானவர்களுக்கு அவை சற்று வெளிப்பக்கம் திரும்பியிருக்கும், கீழ்க்கால் எலும்பு வளர வளர அப்படி முறுக்கிக்கொள்வதால். சிலருக்கு நன்றாகவே திரும்பியிருக்கும், சிலருக்குக் கிட்டத்தட்ட நேராக இருக்கும். ஒரே ஆளுக்கு இடது கால் ஒரு மாதிரி, வலது கால் ஒரு மாதிரி இருப்பதும் சகஜம். இரண்டு பக்கமும் 15 என்று சமமாக வைப்பது பார்க்க அழகுதான், ஆனால் கால்கள் அப்படிச் சமமாக வரைந்து செய்யப்பட்டவை அல்ல.

அடுத்தது, வெறுங்காலுடன் நின்ற இடத்திலேயே இரண்டு மூன்று முறை குதியுங்கள். கீழே பார்க்காமல் இறங்கி, அப்படியே நின்று, பாதங்கள் எந்தக் கோணத்தில், எவ்வளவு தள்ளி இருக்கின்றன என்று பாருங்கள். அதுதான் தொடக்கப்புள்ளி.

உங்கள் விஷயத்தில் முன்காலை 15-லேயே விட்டுவிடலாம். பின்காலை மைனஸ் 6-க்குக் கொண்டுவாருங்கள். பைண்டிங்கின் நடு டிஸ்க்கில் பொதுவாக 3 டிகிரிக்கு ஒரு கோடு இருக்கும், மூன்று கோடு நகர்த்தினால் போதும். பிறகு வீட்டுக்குள் கம்பளத்தின் மேல் போர்டை வைத்து, பூட்ஸோடு ஸ்ட்ராப்பையும் போட்டு, முட்டியை மெதுவாக மடக்குங்கள். முட்டிச்சில்லின் நடு, பாதத்தின் இரண்டாவது விரலுக்கு நேர் மேலே வர வேண்டும். பெருவிரலைத் தாண்டி உள்ளே விழுந்தால் இன்னும் சரியாகவில்லை. மைனஸ் 3, அல்லது 0 வரைகூடப் போங்கள். எப்போதும் ஒரே பக்கம் முன்னால் வைத்து, தோளைத் திருப்பிப் பார்த்து ஓட்டுபவர் என்றால் பின்காலையும் பிளஸ்ஸில் சில டிகிரி வைத்துப் பாருங்கள், தப்பில்லை. 'டக்' நிலை, அதாவது வாத்து மாதிரி இரண்டு பாதமும் வெளிப்பக்கம் திரும்பி நிற்பது, இரண்டு பக்கமும் மாறி மாறி ஓட்டுபவர்களுக்கு வசதி, அவ்வளவுதான்.

அகலத்துக்கு ஒரு பழைய கணக்கு உண்டு: முட்டிச்சில்லின் கீழிருந்து குதிகால் வரை எவ்வளவோ, இரண்டு டிஸ்க்குகளின் நடுவுக்கும் இடையே ஏறக்குறைய அவ்வளவு. தோள் அகலத்தைவிட இது சற்றே கூடுதலாக வரலாம். உங்களுடையது அதைத் தாண்டியிருந்தால் 2 சென்டிமீட்டர் குறையுங்கள். அதிகம் அகட்டினால் முட்டி தானாகவே உள்ளே சாயும், மேலே சொன்ன கதைதான் மறுபடியும்.

கோணம், அகலம், சாய்வு எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றாதீர்கள், எது உதவியது என்று தெரியாமல் போகும். பழைய நிலையை ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். பைண்டிங்கின் பின்னால் கெண்டைக்காலைத் தாங்கி நிற்கும் ஹைபேக்கின் முன்சாய்வையும் பாருங்கள்: அது அதிகமாக இருந்தால் நாள் முழுக்க அரைக் குந்தலில் நிற்பது மாதிரிதான், தொடை எரியும், முட்டிச்சில்லின் பின்னால் வலிக்கும். ஸ்க்ரூக்களை முதல் ஓட்டத்துக்குப் பிறகு ஒருமுறை முடுக்கிவிடுங்கள், அவை தளர்ந்துவிடும் வழக்கமுண்டு.

சரி, மரத்துப்போவது. இதற்கு நான் மலைமேல் ஏற்றிச்செல்லும் நாற்காலி லிஃப்டைத்தான் சந்தேகிக்கிறேன். மேலே ஏறும்போது பின்கால் விடுதலையாகி இருக்கும், போர்டின் மொத்த எடையும் முன்காலின் பூட்ஸில் தொங்கும். ஸ்ட்ராப் அழுத்தும் பாதத்தின் மேற்பகுதியில் தோல், தசைநாண், நரம்பு தவிரப் பெரிதாக எதுவும் கிடையாது. ஏறும்போது போர்டின் விளிம்பை மற்றக் காலின் பூட்ஸ் மேல் தாங்கிக்கொள்ளுங்கள். ஸ்ட்ராப்பைப் பல்லைக் கடித்து இழுக்க வேண்டியதில்லை, கணுக்கால் மடியும் இடத்தில் சமமாக உட்கார்ந்தால் போதும். குளிருக்கு என்று இரண்டு ஜோடி சாக்ஸ் போடுகிறீர்களா? ஒன்று போதும், இரண்டு போட்டால் இறுக்கம்தான் கூடும். பூட்ஸைக் கழற்றிச் சிறிது நேரத்தில் உணர்வு திரும்பினால் கவலையில்லை. மணிக்கணக்கில் திரும்பாவிட்டாலோ, தோல் வெளுத்துக் கெட்டியாகத் தெரிந்தாலோ உடனே மருத்துவரைப் பாருங்கள்.

முட்டி ஒரு 'டக்' சத்தத்தோடு நழுவி அன்றே வீங்கினால், மடக்கிய இடத்தில் மாட்டிக்கொண்டால், நடக்கும்போது வாரிவிட்டால், அப்போது எம்ஆர்ஐ பற்றிப் பேசலாம்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். குதித்து இறங்கிய பிறகு கணுக்காலின் வெளிப்பக்கம், எலும்பு முண்டுக்குச் சற்றுக் கீழே வலித்தால் அதைச் சுளுக்கு என்று நீவிவிட்டுக்கொண்டிருக்காதீர்கள். டாலஸ் என்ற கணுக்கால் எலும்பின் வெளிமுனை உடைவது இந்த விளையாட்டில் அடிக்கடி நடப்பதால், அதற்கு 'ஸ்னோபோர்டர் முறிவு' என்றே பெயர். சாதாரண எக்ஸ்ரேயில் அது பல நேரம் தப்பிவிடும், சிடி ஸ்கேனில் தெரிந்துவிடும். எனவே மருத்துவரிடம் "கால் பிசகிவிட்டது" என்று மட்டும் சொல்லாமல், ஸ்னோபோர்டில் நடந்தது என்பதை முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள்.