மண்ணு, பாறை, ஆறு: ஸ்கூல் பிள்ளைங்க ஆராய்ச்சி பண்ண முடியுமா? சுங்கை சிப்புட் கேள்வி பதில்

பேராக்ல சுங்கை சிப்புட் பக்கத்துல தோட்டத்துல வளர்ந்தவ நான், இப்ப ஜியாலஜிஸ்டா இருக்கேன், போர் போட்டு மண்ணு எடுத்துப் பாக்குறதும் மலைச்சரிவு செக் பண்றதும்தான் வேலை. இடைநிலைப்பள்ளி பிள்ளைங்களும் டீச்சருங்களும் நேரா களத்துல இறங்கி செய்ற ஜியாலஜி ஆராய்ச்சி பத்தி என்ன வேணா கேளுங்கன்னு சொன்னேன், நல்லா கேட்டிருக்கீங்க. ஒன்னொன்னா பாப்போம்.

நாசா ஸ்கூல் பிள்ளைங்களுக்கு ஆராய்ச்சி ப்ரோக்ராம் வச்சிருக்காமே. என் மகன் ஃபாரம் 5, அவன் சேர முடியுமாக்கா?

நீங்க சொல்றது சீஸ்னு ஒரு ப்ரோக்ராம்னு நினைக்கிறேன் க்கா, டெக்சஸ் பல்கலைக்கழகத்தோட சேந்து நடத்துறாங்க, ஆனா அது அமெரிக்க குடிமக்களுக்கு மட்டும்தான். அதே டெக்சஸ்ல ஜியோஃபோர்ஸ்னு இன்னொன்னு 2005ல இருந்து இருக்கு, அந்த ஊர் பிள்ளைங்கள லீவுல கூட்டிட்டுப் போயி மலை, பள்ளத்தாக்குன்னு பாறைக்கு முன்னாலயே நிக்க வச்சு சொல்லித் தருவாங்க. அதுவும் அவங்களுக்குத்தான். யாராவது காசு கட்டினா சேத்து விடுறேன்னு சொன்னா தயவுசெஞ்சு நம்பிடாதீங்க. உலக அளவுல எர்த் சயின்ஸ் ஒலிம்பியாட் ஒன்னு 2007ல கொரியாவுல ஆரம்பிச்சது, நாடு அணி அனுப்பினாத்தான் போக முடியும், ஆனா பழைய கேள்வித்தாள் இணையத்துல கிடைக்குது. மகன அத எடுத்து செஞ்சு பாக்கச் சொல்லுங்க, பாடப்புத்தகத்துல இல்லாத மாதிரி யோசிக்க வைக்கும்.

எங்க ஸ்கூல் லேப்ல ஒன்னும் இல்ல. தோட்டத்துல இருந்துக்கிட்டு என்னக்கா ஆராய்ச்சி பண்றது?

தம்பி, நீ இருக்குற இடமே பெரிய லேப்புதான்டா, இத நான் மனசார சொல்றேன். செம்பனைத் தோட்டத்துல மழை பெஞ்சா ஒரு இடத்துல தண்ணி உள்ள இறங்கிடும், ஒரு இடத்துல தேங்கி ஓடும், பாத்திருப்ப. அது ஏன்னு அளந்து பாக்குறதே உண்மையான ஆராய்ச்சிதான்.

பெரிய மைலோ டின் ஒன்னு, அத விட அகலமான பிஸ்கட் டின் ஒன்னு எடு. ரெண்டுக்கும் அடிப்பக்கத்த வெட்டிடு, வெட்டும்போது அப்பா பக்கத்துல இருக்கட்டும், கையுறை போட்டுக்கோ. பெரிய டின்னு வெளிய, சின்னது நடுவுல, ரெண்டையும் மண்ணுக்குள்ள ஒரு 3 சென்டிமீட்டர் இறங்குற மாதிரி பலகை வச்சு மெதுவா தட்டு. உள் டின்னு சுவர்ல மார்க்கர்ல ரெண்டு கோடு போட்டுக்கோ. ரெண்டு டின்லயும் தண்ணி ஊத்து, உள்ள இருக்குற தண்ணி மேல் கோட்டுல இருந்து கீழ் கோட்டுக்கு வர எவ்வளவு நேரம் ஆகுதுன்னு போன்ல டைம் எடு. வெளி டின்னு எதுக்குன்னா, உள்ள இருக்குற தண்ணி பக்கவாட்டுல கசிஞ்சு போகாம நேரா கீழ இறங்கணும், அதுக்கு, அதனால அதுலயும் தண்ணி வத்த விடக்கூடாது.

இத குலை வெட்டுறவங்க நடந்து நடந்து தள்ளுவண்டி தள்ளி இறுகிப்போன பாதையில ஒரு தடவ செய், மட்டை அடுக்கி மக்கிப்போன இடத்துல ஒரு தடவ செய். வித்தியாசத்த நீயே பாரு. பாதையில மண்ணு இறுகி ஓட்டை எல்லாம் அடைஞ்சு கிடக்கும், மட்டைக்குக் கீழ புழு, வேரு எல்லாம் மண்ண இளக்கி வச்சிருக்கும். குளோப்னு 1995ல இருந்து பல நாட்டு ஸ்கூல்ங்க சேந்து செய்ற ப்ரோக்ராம்லயும் இதே முறைதான், அவங்களோட செய்முறை எல்லாம் இலவசமா கிடைக்குது. ஒன்னு மட்டும், மானேஜர் கிட்ட பெர்மிஷன் வாங்கிட்டு போ, மருந்து அடிக்கிற நாள்ல போகாத.

நீங்க சொன்ன மாதிரியே செஞ்சேன்க்கா. மொத தடவ சீக்கிரம் இறங்குச்சு, அடுத்தடுத்து ரொம்ப லேட்டாகுது. தப்பா செஞ்சிட்டேனா?

இல்லடா, சரியாத்தான் செஞ்சிருக்க! காஞ்ச மண்ணு மொதல்ல வேகமா உறிஞ்சும், நனைய நனைய வேகம் குறைஞ்சு ஒரு நிலைக்கு வந்துரும். திரும்பத் திரும்ப ஊத்தி 45 நிமிஷம் வரைக்கும் எடு, இல்லன்னா அடுத்தடுத்த ரெண்டு ரீடிங்குக்கு நடுவுல 10 செகண்டுக்கு மேல வித்தியாசம் இல்லாம வந்துட்டா நிறுத்து. எல்லா நம்பரையும் எழுது, பிடிக்காத நம்பர அழிக்காத, கடைசியா எப்ப மழை பெஞ்சதுன்னும் எழுது. அந்த நோட்டுப்புத்தகம்தான் உன்னோட ஆராய்ச்சி.

நான் புவியியல் டீச்சர். 2025 ஆகஸ்ட்ல செகாமாட்ல நிலநடுக்கம் வந்ததுல இருந்து பிள்ளைங்க கேட்டுக்கிட்டே இருக்காங்க. வகுப்புல எப்படி சொல்லித் தரலாம்?

நல்ல நேரம் டீச்சர், பிள்ளைங்க கேக்கும்போதே புடிச்சிக்கணும். 2015ல சபாவுல ரானாவ்ல ரிக்டர் 6 அளவுல ஆடுனது, ஜொகூர் செகாமாட்ல 4 சொச்சம், ரெண்டையும் மேப்புல வைக்கச் சொல்லுங்க. ஒரு நம்பர் ஏறுனா வெளிய வர்ற சக்தி 32 மடங்கு, ரெண்டு நம்பருக்கு ஆயிரம் மடங்கு, அத பிள்ளைங்களே கணக்குப் போடட்டும். ஆஸ்திரேலியாவுல தேசிய பல்கலைக்கழகம் ஸ்கூல்ங்களுக்கே நில அதிர்வுக் கருவி குடுத்து பிள்ளைங்க கையில டேட்டா வர்ற மாதிரி செஞ்சிருக்காங்க. ராஸ்பெரி ஷேக்னு சின்ன கருவி ஒன்னும் இருக்கு, விலை ஜாஸ்திதான், ஆனா உலகம் பூரா மத்தவங்க வச்சிருக்குற கருவியோட பதிவ சும்மாவே பாக்கலாம். மொதல்ல வேகமான பி அலைன்னு ஒரு அதிர்வு வரும், அப்புறம் மெதுவான எஸ் அலை, நடுவுல எத்தன செகண்டோ அத 8 ஆல பெருக்குனா எத்தன கிலோமீட்டர் தூரத்துல ஆடுச்சுன்னு தோராயமா கிடைக்கும், கிட்டத்துல வர்றதுக்கு. மூனு கருவியில பாத்து, மேப்புல ஒவ்வொரு கருவியையும் நடுவுல வச்சு அந்தந்த தூரத்துக்கு காம்பஸ்ல மூனு வட்டம் போட்டா, மூனும் சேர்ற இடம்தான் ஆடுன இடம். ஒரு பீரியட் போதும்.

பஸ் காசு அதிகம் இல்லாம எங்க டீச்சர் கூட்டிட்டுப் போலாம்?

ஈப்போவுல மினரல் டிப்பார்ட்மெண்டோட ஜியாலஜி மியூசியம் இருக்கு, அத கண்டிப்பா பாருங்க. கிந்தா பள்ளத்தாக்கே இப்ப தேசிய ஜியோபார்க். லெங்கோங்கும் தூரம் இல்ல, 2012ல யுனெஸ்கோ உலக பாரம்பரிய இடமா ஆனது, பேராக் மனிதன்னு சொல்ற ஆதிகால மனுசனோட எலும்புக்கூடு கிடைச்ச பக்கம். போகும்போது ஒரு சின்ன பாட்டில்ல வினிகர் எடுத்துட்டுப் போங்க. சுண்ணாம்புக்கல்லு துண்டு கீழ விழுந்து கிடந்தா கொஞ்சம் சுரண்டி அந்தப் பொடி மேல ஒரு சொட்டு விட்டா நுரைக்கும், கிரானைட்ல ஒன்னும் நடக்காது. குகைக்குள்ள மட்டும் வேணாம்.

ஞாபகத்துக்கு கல்லு உடைச்சு எடுத்துக்கலாமா?

வேணாம். போட்டோ எடுங்க, பக்கத்துல ஒரு 20 சென் காசு வச்சு எடுங்க, அளவு தெரியும்.

பொம்பளப் பிள்ள, காடு மலைன்னு சுத்துற வேலை. வேலையும் கிடைக்குமான்னு அவ அப்பா பயப்படுறாரு.

உங்க பயம் புரியுது ம்மா, எங்க அம்மாவும் இதேதான் கேட்டாங்க. களத்துக்கு யாரும் தனியா போறதில்ல, டீமாத்தான் போவோம். மலாயா பல்கலைக்கழகம், மலேசிய தேசிய பல்கலைக்கழகம் (யுகேஎம்), சபா பல்கலைக்கழகம் எல்லாத்துலயும் இந்தப் படிப்பு இருக்கு, கெமிஸ்ட்ரி, ஃபிசிக்ஸ், கணக்கு நல்லா எடுக்கணும். 1993ல மலைச்சரிவால ஹைலண்ட் டவர்ஸ் அடுக்குமாடி விழுந்து 48 பேரு, 2022ல பத்தாங் காலி சரிவுல 31 பேரு இறந்தாங்க. சரிவ முன்னாடியே பாத்துச் சொல்ற ஆளுங்க இந்த நாட்டுக்கு இன்னும் நிறைய வேணும், அதுல நம்ம தோட்டத்துப் பிள்ளைங்களும் இருக்கணும்னு எனக்கு ரொம்ப ஆசை. அவ அப்பாவ என்கிட்ட பேசச் சொல்லுங்க.

நான் ஈயலம்பத்துல, அதான் டின் சுரங்கத்துல, வேலை செஞ்சவன் ம்மா. நம்ம பக்கம் மட்டும் ஏன் இவ்வளவு ஈயம்னு பேரன் கேக்குறான்.

ஐயா, சரியான ஆளுகிட்டத்தான் கேட்டிருக்கான். சுமார் 20 கோடி வருசத்துக்கு முன்னால பூமிக்குள்ள இருந்து உருகிய பாறை மேல வந்து ஆறி கிரானைட்டாச்சு, அதுதான் நம்ம கிழக்குப் பக்கம் தெரியுற தீத்திவங்சா மலை. அப்ப வந்த சூடான தண்ணியிலதான் ஈயக்கல்லு வெடிப்புகள்ல படிஞ்சது. மழையும் வெயிலும் கிரானைட்ட அரிச்சு ஆத்துல கொண்டாந்து விட்டுச்சு. சாதா மணலு தண்ணிய விட 2.65 மடங்கு கனம், ஈயக்கல்லு கிட்டத்தட்ட 7 மடங்கு, அதனால மணலு ஓடிரும், ஈயம் சுண்ணாம்புக்கல்லு பள்ளத்துல தங்கிரும். நீங்க டூலாங் தட்டுல அலசுனதும் அதே கணக்குதான்யா.

பேரன் கிட்ட ஒரு மேப்பக் குடுங்க, எந்தெந்த லம்பம் எங்க இருந்துச்சு, எத்தன அடி ஆழத்துல வெள்ளைச் சுண்ணாம்புப் பாறை வந்துச்சு, எந்த வருசம் மூடுனாங்கன்னு நீங்க சொல்லச் சொல்ல அவன் குறிக்கட்டும். பழைய லம்பக் குளத்து ஓரத்துக்கு மட்டும் அவன அனுப்பாதீங்க, கரை திடீர்னு சரியும். குறிச்சு முடிச்சதும் எனக்கு ஒரு காப்பி வேணும்யா.