பழைய பித்தளை பிரைமஸ்: மஞ்சள் தீ, ஏறாத பம்ப்

பழைய பிரைமஸ் அடுப்பு (பம்ப் அடித்து எரிக்கும் மண்ணெண்ணெய் அடுப்பு) வாங்கினீர்கள், பற்றவைத்தால் மஞ்சள் தீ ஒரு முழம் எழுகிறது, பம்பிலும் காற்று நிற்கவில்லை என்கிறீர்கள். இரண்டுமே சரிசெய்யக்கூடியவைதான். அடுப்பைத் தள்ளிவிட வேண்டாம்.

மஞ்சள் தீக்குக் காரணம் பர்னர் போதிய அளவு சூடாகாதது. மண்ணெண்ணெய் பர்னர் குழாய்க்குள்ளேயே ஆவியானால்தான் நீலமாக எரியும். 1892-ல் ஸ்டாக்ஹோமில் லிண்ட்க்விஸ்ட் என்பவர் செய்த இந்த அடுப்பின் சூட்சுமமே அதுதான். டாங்கியின் காற்றை வெளியே விடும் திருகைத் திறந்து வைத்து, பர்னருக்குக் கீழே உள்ள கிண்ணத்தில் ஸ்பிரிட் ஊற்றிக் கொளுத்துங்கள். அது அணையப்போகும் தறுவாயில் திருகை மூடி, மெதுவாக இரண்டு மூன்று முறை மட்டும் பம்ப் அடியுங்கள். நீலத் தீ நிலைத்த பிறகே மேலும் அடிக்க வேண்டும். மறுபடி மஞ்சளாக எழுந்தால் தயங்காமல் திருகைத் திறந்துவிடுங்கள். அடுப்பை அணைப்பதும் அப்படித்தான்.

பம்பில் தோல் வாஷர் காய்ந்திருக்கும். கழற்றி எண்ணெயில் ஊறவைத்து, விளிம்பை விரித்து மாட்டுங்கள். கைப்பிடி தானாக மேலே வந்தால் பம்பின் அடியிலுள்ள வால்வு ரப்பர் போய்விட்டது. அதை மாற்றாமல் பற்றவைக்கவே கூடாது, மண்ணெண்ணெய் பம்ப் வழியாக வெளியே வரும்.

தீ ஒருபக்கமாகச் சாய்ந்தால் ஸ்டவ் பின் என்ற மெல்லிய ஊசியால் பர்னரின் துளையைக் குத்துங்கள், நம் பாட்டிமார் செய்த அதே வேலை. டாங்கியை முக்கால் பங்குக்கு மேல் நிரப்பாதீர்கள். பெட்ரோல் ஒரு சொட்டுகூட கலக்காதீர்கள். கூடாரத்துக்குள் வைத்து எரிக்கவும் வேண்டாம்.