இரண்டே ஆசிரியர் உள்ள துறையில் கலை வரலாறு படிக்கலாமா?

கேள்வி: சின்னக் கல்லூரி ஒன்றில் கலை வரலாறு இளங்கலைக்கு இடம் கிடைத்திருக்கிறது. துறையில் இரண்டு பேராசிரியர்கள்தான். பக்கத்தில் அருங்காட்சியகம் கிடையாது. அடுத்து முதுகலை படிக்க ஆசை. சேரலாமா?

பதில்: சேரலாம். ஆனால் கையேட்டில் அச்சிட்டிருக்கும் பாடப் பட்டியலை நம்பி முடிவெடுக்காதீர்கள். கடந்த நான்கு செமஸ்டர்களில் உண்மையிலேயே நடந்த பாடங்கள் எவை என்று கேட்டு வாங்குங்கள். இருவர் மட்டுமே உள்ள துறையில் பல விருப்பப்பாடங்கள் இரண்டு வருடத்துக்கு ஒருமுறைதான் வரும். ஒருவர் நீண்ட விடுப்பில் போனால் அந்தச் சுற்றும் போச்சு. கடைசி வருடத்தில் தேவையான பாடம் கிடைக்காமல் மாணவர்கள் மாட்டிக்கொள்வது இப்படித்தான். எனவே முதல் செமஸ்டரிலேயே மூன்று வருடத்துக்கும் திட்டம் போட்டு ஆசிரியரிடம் காட்டிவிடுங்கள்.

சின்னத் துறையின் பெரிய லாபம், உங்கள் கட்டுரையை ஆசிரியரே வரிவரியாகப் படிப்பார் என்பது. கெடுவுக்குப் பத்து நாள் முன்பே வரைவைக் கொடுத்தால்தான் அந்த லாபம் கைக்கு வரும்.

அருங்காட்சியகம் இல்லாததால் முதலில் அடிபடுவது அளவுணர்வு. திரையில் எல்லா ஓவியமும் ஒரே அளவு. டச்சு ஓவியர் வெர்மீரின் ‘லேஸ் பின்னும் பெண்’ ஏறக்குறைய 24 செ.மீ. உயரம், 21 செ.மீ. அகலம், ஏ4 தாளின் அடியில் ஆறு செ.மீ. போலக் கிழித்துவிட்டால் மிச்சம் இருப்பதுதான் முழு ஓவியமும். ஸ்பானிய ஓவியர் வெலாஸ்கெத்தின் ‘லாஸ் மெனினாஸ்’ (1656) 318 செ.மீ. உயரம், 276 செ.மீ. அகலம். டேப்பை எடுத்து ஒரு சுவரில் அளந்து சாக்பீஸால் கோடு போட்டு, எதிரே நின்று பாருங்கள். முன்னதைக் குனிந்து பார்க்க வேண்டும். பின்னதில் உருவங்கள் கிட்டத்தட்ட ஆள் உயரம். இது தெரியாமல் எழுதும் கட்டுரை முதல் பத்தியிலேயே காட்டிக்கொடுத்துவிடும்.

நிறத்துக்கும் திரையை நம்ப முடியாது. அருங்காட்சியகத்தின் சொந்தத் தளத்தில் உள்ள படத்தையே எடுங்கள். நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் 2017 முதல் காப்புரிமை முடிந்த படைப்புகளின் படங்களைக் கட்டுப்பாடின்றித் தருகிறது. நேரில் பார்த்துப் பழக ஓவியம்தான் வேண்டும் என்றில்லை. பழைய கட்டடம், கல்லறை, நாணயம் எதுவானாலும் சரி. அரை மணி நேரம் ஒரே பொருளின் முன் உட்காருங்கள். முதல் பத்து நிமிடம் கண்ணில் படுவதை மட்டும் எழுதுங்கள்: வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வருகிறது, விளிம்பில் வெட்டுப்பட்டிருப்பது எது, கை எங்கே காட்டுகிறது. அடுத்து, கோணல்மாணலாக இருந்தாலும் பரவாயில்லை, ஒரு கோட்டோவியம் வரையுங்கள். கண் தவறவிட்டதைக் கை பிடித்துவிடும். விளக்கம் சொல்வதெல்லாம் அதற்குப் பிறகு. ஓவியரின் வாழ்க்கைக் கதையோடு தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் படத்துக்கு வந்து சேருவதே இல்லை.

முதுகலைக்குப் பல இடங்களில் மூன்று பரிந்துரைக் கடிதம் கேட்பார்கள். உங்களுக்கு இருப்பதோ இருவர். வரலாறு அல்லது மொழித் துறை ஆசிரியர் ஒருவரிடம் கலை சார்ந்த கட்டுரை ஒன்றை எழுதிக் கொடுத்து வைத்தால் மூன்றாவது கடிதம் கிடைக்கும். ஐரோப்பியக் கலைக்குப் போவதாக இருந்தால் ஜெர்மன் அல்லது பிரெஞ்சு வாசிப்பை இரண்டாம் வருடமே தொடங்குங்கள்.

பிற நூலகங்களிலிருந்து புத்தகம் தருவித்துத் தரும் வசதி உண்டா என்று நூலகரிடம் நேரில் கேளுங்கள். அதுவும் இல்லை, நீங்கள் விரும்பும் காலகட்டம் இரண்டு ஆசிரியர்களுக்குமே பழக்கமில்லை என்றால் வேறு கல்லூரி பார்ப்பதுதான் நல்லது.