மரபணு மாற்றம் உள்ள பிள்ளைகளுக்கு எக்ஸ்ரே, சிடி எடுக்கலாமா? கேள்வி பதில்

பதில் சொல்பவன் ஸ்கேன் அறைக்குப் பக்கத்திலேயே பாதி ஆயுளைக் கழித்த கதிரியல் மருத்துவன். உங்கள் கேள்விகளைச் சுருக்கித் தந்திருக்கிறேன்.

வயது 26. அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய் வந்தது. எனக்கும் பிஆர்சிஏ1 மரபணுவில், மார்பகப் புற்றுநோய் வாய்ப்பைக் கூட்டும் மாற்றம் இருப்பதாக ரிசல்ட். சின்ன வயதில் நிமோனியா வந்து நாலைந்து தடவை மார்பு எக்ஸ்ரே எடுத்திருக்கிறார்கள். வினையை நானே தேடிக்கொண்டேனா?

இல்லை. டிஎன்ஏவின் இரண்டு இழையும் சேர்ந்து அறுந்துபோனால் பிழையில்லாமல் ஒட்டித் தருவதுதான் பிஆர்சிஏவின் வேலை. கதிர்வீச்சு அப்படி அறுக்கக்கூடியது. உங்களிடம் அந்த மரபணுவின் நல்ல பிரதி இன்னும் ஒன்று இருக்கிறது, வேலை நடக்கிறது. ஏதாவது ஒரு செல்லில் அதுவும் பழுதானால்தான் சிக்கல். மார்பு வளரும் வயதில் செல்கள் வேகமாகப் பிரிவதால் அப்போது கவனம் கூடுதலாக வேண்டும். 2012இல் வெளியான ஐரோப்பிய ஆய்வொன்றில், 30 வயதுக்குள் மார்புப் பகுதியில் பரிசோதனைக் கதிர்வீச்சு பட்ட பிஆர்சிஏ மாற்றம் உள்ள பெண்களுக்கு மார்பகப் புற்றுநோய் ஆபத்து ஏறக்குறைய 1.9 மடங்காகத் தெரிந்தது. ஆனால் எப்போதோ எடுத்த எக்ஸ்ரேக்களை அவர்களே நினைவிலிருந்து சொன்ன கணக்கு அது. அதனால் அந்த எண்ணைக் கல்வெட்டாக நான் எடுத்துக்கொள்வதில்லை.

ஒரு மார்பு எக்ஸ்ரே 0.1 மில்லிசீவர்ட் (உடலில் படும் கதிர்வீச்சை அளக்கும் அலகு) அல்லது அதற்கும் கீழே. மண்ணும் காற்றும் வானமும் வருடத்துக்குச் சராசரி 2.4 மில்லிசீவர்ட் தருகின்றன. பதினைந்து நாள் சும்மா இருந்தாலே ஓர் எக்ஸ்ரே அளவு வந்துவிடும். நிமோனியாவை அன்று கண்டுபிடிக்காமல் விட்டிருந்தால்தான் ஆபத்து. இனிமேல் வருடம் ஒரு முறை மார்பக எம்ஆர்ஐ எடுங்கள். அதில் இந்தக் கதிர்வீச்சே கிடையாது.

அப்படியானால் மேமோகிராம் (மார்பக எக்ஸ்ரே) வேண்டவே வேண்டாமா?

பொதுவாக 30 வயதுக்குப் பிறகு அதையும் சேர்ப்பார்கள். பொடிப்பொடியான சுண்ணாம்புப் படிவுகள் எம்ஆர்ஐயை விட அதில்தான் நன்றாகத் தெரியும்.

மகனுக்கு 9 வயது, லி-ஃபிராமெனி (டிபி53 மரபணுவில் மாற்றம், பல வகைப் புற்றுநோய் வர வாய்ப்பு அதிகம்). சைக்கிளிலிருந்து விழுந்து வாந்தி எடுத்தான், மயக்கமாகவும் இருந்தான். தலைக்கு சிடி வேண்டும் என்றார்கள். பயந்து அரை மணி நேரம் யோசித்தேன். தவறா?

பயந்தது தவறில்லை, ஆனால் அந்த அரை மணி நேரம் ஆபத்தானது. மண்டைக்குள் ரத்தம் கசிந்தால் சில மணி நேரத்தில் உயிர் போகலாம். சிடி சில நிமிடங்களில் முடியும், கதிர்வீச்சு சுமார் 2 மில்லிசீவர்ட். அதனால் புற்றுநோய் வருவதென்றால் அது பல வருடம் தள்ளி, வந்தாலும் வரலாம் என்ற கதை. அவசரத்தில் தயங்காதீர்கள்.

செய்யக்கூடியது வேறு. சீட்டில் 'டிபி53 மாற்றம் உள்ளது' என்று எழுதச் சொல்லுங்கள். குழந்தைக்கான அளவில்தான் இயந்திரத்தை வைக்கிறார்களா என்று கேளுங்கள். அப்புறம், உள்ளே போகும் முன் பையனிடம் "சிலை மாதிரி படுத்துக்கொள், இயந்திரம் சத்தம் போட்டுச் சுற்றும், உன்னைத் தொடாது" என்று சொல்லிவையுங்கள். தலை அசைந்தால் படம் கலங்கும், மறுபடி எடுக்க வேண்டிவரும். கண்முன்னே கதிர்வீச்சு இரட்டிப்பாவதை நான் பார்த்திருக்கிறேன். அடுத்த மாதம் மறுபடி பார்க்க வேண்டும் என்றால் அப்போது எம்ஆர்ஐ கேட்கலாம்.

உண்மையில் இவனுக்குப் பெரிய கேள்வி சிடி அல்ல, எப்போதாவது புற்றுநோய் வந்தால் கொடுக்கும் கதிரியக்க சிகிச்சை. மூளைக் கட்டிக்குக் கொடுக்கும் 50 கிரேயோடு (திசு உள்வாங்கும் கதிர்வீச்சை அளக்கும் அலகு) ஒப்பிட்டால், தலை சிடியில் மூளை உள்வாங்குவது சுமார் ஆயிரத்தில் ஒரு பங்கு. டிபி53 உள்ளவர்களுக்கு அறுவை போன்ற வேறு வழி சமமாக உதவுமானால் மருத்துவர்கள் அதையே தேர்ந்தெடுக்கப் பார்ப்பார்கள்.

வயது 22. கைக்குழந்தையாக இருந்தபோது இரண்டு கண்ணிலும் ரெட்டினோபிளாஸ்டோமா (விழித்திரைப் புற்றுநோய்), கதிரியக்க சிகிச்சை கொடுத்தார்கள். இப்போது கன்னத்தெலும்பில் ஒரு வீக்கம். பல் வலியாக இருக்குமோ?

இருக்கலாம், ஆனால் நீங்களே முடிவு கட்டாதீர்கள், இந்த வாரமே காட்டுங்கள். இரண்டு கண்ணிலும் வந்தது என்றால் ஆர்பி1 என்ற மரபணுவில் மாற்றம் பிறவியிலேயே இருந்திருக்கும். அப்படிப்பட்டவர்களுக்குச் சிகிச்சை பட்ட இடத்தில் எலும்பு, மென்திசுப் புற்றுநோய்கள் பிற்காலத்தில் வர வாய்ப்பு அதிகம். அதனால்தான் இப்போது குழந்தைகளுக்கு அந்தச் சிகிச்சையைக் கூடுமானவரை தவிர்க்கிறார்கள். பல் மருத்துவரிடம் போனாலும் பழைய சிகிச்சையை முதல் வார்த்தையிலேயே சொல்லிவிடுங்கள்.

பிஆர்சிஏ உள்ள மகள் தலையணைக்குக் கீழே கைபேசி வைத்துத் தூங்குகிறாள்.

கைபேசி அலைக்கு டிஎன்ஏவை அறுக்கும் சக்தி இல்லை. தூக்கம் கெடும், அதற்காக வேண்டுமானால் திட்டுங்கள்.